நாற்பத்திரண்டு வில்லைகள்

2025 ஜூலை 17, வியாழக்கிழமை. ஆடி முதல் நாள். ஐந்தரைக்கு எழுந்தேன். பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்தேன். முன்பு இரண்டு வரும். திங்கட்கிழமை சொல்லி ஒன்றாகக் குறைத்திருந்தேன். குளித்து, காப்பி போட்டுக் குடித்து, தினத்தாளைக் கடைசிப் பக்கம் வரை படித்தேன். வாசலைப் பெருக்கினேன். தெளிக்கவில்லை. ஏழரைக்கு எதிர் மெஸ்ஸிலிருந்து இட்லி வாங்கி வந்து சாப்பிட்டேன். எட்டேகாலுக்கு முன்னறை ஷட்டரைத் தூக்கினேன். வெளியே சாரல். மேற்கே மலை இருக்கும் இடத்தில் வெள்ளையாக ஒன்றுமில்லாமல் இருந்தது.

அந்த முன்னறைதான் கடை. தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில், வீட்டின் முகப்பிலேயே இருக்கிறது. லேசர் கட்டிங் மிஷின் ஒன்று, அதை ஓட்டும் கம்ப்யூட்டர் ஒன்று, அக்ரிலிக் தகடுகள் நிற்கும் அலமாரி ஒன்று. லாட்ஜுகளுக்குச் சாவி வில்லை, கதவு எண், கடைகளுக்குப் பெயர்ப் பலகை, திருமண மண்டபங்களுக்கு எழுத்து வெட்டுவது. ஒன்பது வருடமாக இதுதான் பிழைப்பு. நான் வெட்டுவேன். வருகிறவர்களிடம் பேசுவதும் ஆர்டர் எடுப்பதும் அக்கா. அத்தான் இறந்தபின் என்னோடு வந்து இருந்தவள். கல்லாப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிறவர்களின் ஊர், உறவு, உடல்நிலை எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுத்தான் என்ன வேண்டும் என்று கேட்பாள்.

ஜூன் கடைசியில் அவள் இறந்துபோனாள். நெஞ்சுவலி என்றாள். கார் பிடித்துத் திருநெல்வேலிக்குக் கிளம்பினோம். ஆலங்குளம் வருவதற்குள் முடிந்துவிட்டது. டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். திருப்பிவிடுங்கள் என்று சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகு செய்ய வேண்டியவை அனைத்தையும் வரிசையாகச் செய்தேன். ஞாயிற்றுக்கிழமையோடு பதினாறு முடிந்து, உறவினர்கள் போனார்கள். போகும்போது சித்தி, "இனிமே வாசல்ல கோலம் போடலாம்" என்றார். யார் போடுவது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

திங்கள் முதல் புதன் வரை கடையைத் திறந்து வைத்துத் தூசு தட்டினேன், லென்ஸைத் துடைத்தேன், நின்றுபோன வேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் படம் போட்டேன். மிஷினில் வெட்டவில்லை. வியாழக்கிழமைதான் வெட்ட வேண்டிய நாள். அன்று முடித்துத் தருவதாக அக்கா ஒரு வேலையை ஒப்புக்கொண்டிருந்தாள்.

குற்றாலத்து அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் நாற்பத்திரண்டு பேருக்கு மார்பில் குத்திக்கொள்ளும் வில்லை. மேலே மஞ்சள், அடியில் கறுப்பு. மஞ்சளைச் சுரண்டினால் எண்ணும் பெயரும் கறுப்பாகத் தெரியும். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து எண் வில்லை இல்லாதவர்கள் அருவிப் பக்கம் எண்ணெய்ப் பாட்டிலோடு உட்காரக் கூடாது என்று பேரூராட்சியில் அவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை முதல் ஆடி வெள்ளி. சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. வருடத்தில் அவர்கள் சம்பாதிப்பது இந்த இரண்டு மாதத்தில்தான். "ஆடி ஒண்ணாம் தேதி சாயங்காலம் வந்து வாங்கிட்டுப் போங்க, என் பேச்சு" என்று அக்கா அவர்களுடைய தலைவரிடம் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன்.

எட்டரைக்கு மிஷினைப் போட்டேன். கம்ப்யூட்டரைப் போட்டேன். மிஷின் இணைந்திருக்கிறது என்று திரையின் ஓரத்தில் பச்சையாக வந்தது. தகட்டை வைத்து, மூடியை இறக்கி, முதல் வில்லையை ஓட்டினேன். முதல் எழுத்தின் பாதியில் மிஷின் நின்றது. கம்ப்யூட்டரிலிருந்து பென் டிரைவைப் பிடுங்கினால் வருமே, அந்தச் சத்தம் வந்தது. பச்சை போய்ச் சிவப்பு வந்தது. மிஷின் கிடைக்கவில்லை என்றது.

கேபிளைப் பிடுங்கிச் சொருகினேன். பச்சை வந்தது. மறுபடி ஓட்டினேன். மறுபடி நின்றது.

பெரிய மிஷின்கள் வேலை முழுவதையும் முதலிலேயே தங்களுக்குள் வாங்கி வைத்துக்கொள்ளும். பிறகு கம்ப்யூட்டர் செத்தாலும் வெட்டி முடிக்கும். என்னுடையது அப்படியல்ல. கம்ப்யூட்டர் ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு நின்றால் லேசரை நகர்த்தும் கை நின்ற இடத்தில் தொங்கிவிடும். தகடும் வீண்.

இரண்டையும் அணைத்து, முதலில் மிஷினையும் பிறகு கம்ப்யூட்டரையும் போட்டேன். மாற்றிப் போட்டும் பார்த்தேன். கம்ப்யூட்டரின் முன்பக்கத்துத் துளையிலிருந்து கேபிளை எடுத்துப் பின்பக்கத்தில் சொருகினேன். கம்ப்யூட்டர் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காகத் துளைகளை அவ்வப்போது தூங்க வைக்கும், அதை நிறுத்தினேன். மிஷினுக்கான டிரைவர் மென்பொருளை நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றினேன். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு சின்ன வட்டம் வெட்டச் சொல்லிப் பார்த்தேன். ஒரு வட்டம்கூட முழுதாக வரவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. அடுத்தது என்ன என்பது மட்டும் மனத்தில் வந்துகொண்டிருந்தது. அந்த மூன்று வாரமும் அப்படித்தான் இருந்தேன்.

பதினொன்றுக்கு அவர்களுடைய தலைவர் வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். தோளில் எண்ணெய் ஏறிய துண்டு. நான் அவரை அண்ணாச்சி என்பேன். அவரும் என்னை அண்ணாச்சி என்பார். அக்கா அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

"என்ன அண்ணாச்சி, பேட்ஜு ரெடியாயிட்டா?" என்று வாசலிலிருந்தே கேட்டார்.

"மிஷின் கனெக்ட் ஆவ மாட்டேங்குது. பாத்துக்கிட்டிருக்கேன்."

அவர் மிஷினை எட்டிப் பார்த்தார். "பிடிச்சுக்கிட்டோ? எண்ணெய் போட்டு ஒரு இழுப்பு இழுத்து விடுதேன். எப்பேர்ப்பட்ட பிடிப்பும் விட்டுரும். உங்களுக்காவ சும்மாவே செய்யுதேன்."

நான் கேபிளையே திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "வெளையாட்டுக்குச் சொன்னேன். நாளைக்கு வெள்ளிக்கெழம பாத்துக்கிடுங்க. கூட்டம் அம்மும். பேட்ஜு இல்லேன்னா நாப்பத்திரண்டு பேரும் துண்டத் தோள்ல போட்டுக்கிட்டு அருவிய வேடிக்க பாக்க வேண்டியதுதான். ஏற்கனவே வேற ஆளுவ பேட்ஜு அடிச்சு வச்சுக்கிட்டு எங்க எடத்தப் பிடிக்க நிக்கானுவ. எடம் போச்சுன்னா போனதுதான்."

"சாயங்காலம் வாங்க."

அவர் ஸ்டூலைப் பார்த்தார். "அக்கா வெளிய போயிருக்காவளோ?"

ஆமாம் என்றேன். அப்படிச் சொல்வது எளிதாக இருந்தது.

அவர் போனதும் மிஷின் வாங்கிய கோயம்புத்தூர்க் கடைக்குப் போன் செய்தேன். சர்வீஸ் பகுதியில் ஒரு பெண் எடுத்தாள். பொறுமையாகக் கேட்டாள். என் கம்ப்யூட்டரை அங்கிருந்தே திறந்து பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணும் தப்பு தெரியலீங்க அண்ணா. வேற கம்ப்யூட்டர்ல போட்டுப் பாருங்க. கேபிளையும் மாத்திப் பாருங்க" என்றாள். பிறகு, "எர்த் எல்லாம் சரியா இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

கண்ணாடிக்கு வெளியே சாலை முழுவதும் நனைந்து பளபளத்தது. குடையோடு ஒருவர் போனார். "இங்க சாரல் அடிக்கிது மேடம். ஊரே நனைஞ்சு கெடக்கு. எர்த்துக்கு என்ன?" என்றேன். "அப்ப சரிங்க" என்றாள்.

மதியம் சாப்பிட்டேனா என்று நினைவில்லை. அன்றைய டைரியிலும் இல்லை. உள்ளறையிலிருந்து என் லேப்டாப்பை எடுத்து வந்து, அதில் எல்லாவற்றையும் ஏற்றி, மிஷினோடு இணைத்தேன். பச்சை வந்தது. வட்டம் ஓட்டினேன். நின்றது. ஆகவே கம்ப்யூட்டர் மேல் குற்றமில்லை. புது கேபிள் ஒன்று இருந்தது, குட்டையானது, இரண்டு முனையிலும் மின் இடைஞ்சலைத் தடுக்கும் கறுப்பு உருளை வைத்தது. மிஷினை ஒட்டி நாற்காலி போட்டு, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டினேன். நின்றது. ஆகவே கேபிள் மேலும் இல்லை.

பிறகுதான் காலையிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். லேசரை அணைத்துவிட்டு, கையை மட்டும் நகரச் சொன்னேன். வெளிச்சமில்லாமல், வெட்டாமல், வெறும் கை வில்லைகளின் பாதையில் போய்வரப் பார்த்தேன். நிற்கவே இல்லை. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் ஓடியது. லேசரை உயிர்ப்பித்தேன். லேசர் குழாயில் ஊதா வெளிச்சம் வந்த அந்தக் கணமே தொடர்பு அறுந்தது.

பேச்சைக் கெடுப்பது லேசர்தான். குழாய்க்கு ஆயிரக்கணக்கான வோல்ட் அனுப்பும் பெட்டி ஒன்று மிஷினுக்குப் பின்னால் இருக்கிறது. அது பழுது என்று முடிவு செய்தேன். கோயம்புத்தூரிலிருந்து புதுப் பெட்டி பார்சலில் வரச் சனிக்கிழமை ஆகும். வில்லை வெட்டும் வேறு மிஷின் இருப்பது திருநெல்வேலியில். போன் செய்தேன். அங்கே அன்றைய வேலை நிறைந்துவிட்டது என்றார்கள்.

நாலு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து, தலைவரிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு வாக்கியம் யோசித்தேன். 'அண்ணாச்சி, இன்னைக்கு முடியல' என்பதற்கு மேல் வரவில்லை. அக்காவாக இருந்தால் பத்து வாக்கியம் பேசியிருப்பாள். கடைசியில் அவரே அவளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

நாலரைக்கு அவர் வந்தார். சாரலில் நனைந்திருந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, ஈரக் காலோடு உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. மிஷின் பக்கம் போய், மூடியில் கையை வைத்தார்.

வைத்த கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். "ஏ யம்மா! என்னவே இது, கிள்ளுது!"

"என்னது?"

"உங்க மிஷின்தான். சுள்ளுன்னு கிள்ளுது. எண்ணெய் தேய்க்கேன்னு சொன்னதுக்குக் கோவமோ?"

நான் போய்த் தொட்டேன். ஒன்றும் தெரியவில்லை. காலையிலிருந்து நூறு தடவை தொட்டிருப்பேன். ஒன்றும் தெரிந்ததில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியலயே" என்றேன்.

"ரப்பர் செருப்பு போட்டிருக்கீங்க, எப்பிடித் தெரியும்? கழத்திட்டு ஈரத்துல நில்லுங்க."

கழற்றிவிட்டு, அவர் காலடி ஈரத்தில் நின்று, புறங்கையால் தொட்டேன். எறும்பு கடிப்பதுபோல விரல் கணுவில் இறங்கியது.

மெயினை அணைத்துவிட்டு மல்டிமீட்டரை எடுத்தேன். மறுபடி மெயினைப் போட்டு, பிளக்கின் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்துப் பார்த்தேன். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. முப்பத்தெட்டு காட்டியது. லேசர் எரியும்போது வீணாகிற மின்சாரமெல்லாம் எர்த் கம்பி வழியாக ஈர மண்ணுக்குப் போக வேண்டும். போக வழியில்லாமல் மிஷின் உடம்பிலேயே நின்று, கேபிளில் ஏறி, பேச்சை அறுத்திருக்கிறது.

கடைக்குக் கிழக்கே, சுவரை ஒட்டி எர்த் குழி. மிஷின் வந்த வருடம் எலக்ட்ரீசியன் கரியும் உப்பும் போட்டுக் குழாய் இறக்கினார். அடுத்த வருடம் புகை வெளியேறும் விசிறி நனையாமலிருக்க அந்தப் பக்கம் தகரக் கூரை நீட்டினேன். சாரல் மேற்கிலிருந்து சாய்ந்து வருவது. கட்டடம் அதை மறைத்தது, தகரம் மிச்சத்தை மறைத்தது. நான் கிழக்கு மூலைக்குப் போய்ச் சிமெண்டு மூடியைத் தூக்கினேன். மூன்றடி தள்ளிச் சாலையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குழிக்குள் மண் சாம்பல்போலக் காய்ந்து, விளிம்பைவிட்டுப் பிரிந்து, வெடித்திருந்தது. குழாயின் வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தது.

ஒன்பது வருடத்தில் ஒருநாளும் நான் அந்தக் குழிக்குத் தண்ணீர் ஊற்றியதில்லை. எலக்ட்ரீசியன் தினமும் ஊற்றச் சொன்னது என்னிடம்தான். ஆனால் மறுநாளிலிருந்தே அக்கா வாசல் தெளித்துவிட்டு, வாளியில் மிச்சமிருப்பதைக் கொண்டுபோய் அங்கே கொட்டுவாள். மழையானாலும் வெயிலானாலும் வாசல் தெளிப்பது நிற்காது. ஆகவே இதுவும் நிற்காது. கொட்டிவிட்டு உள்ளே பார்த்துச் சொல்வாள்: "ஏலே, உன் மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சு. இனிமே கறந்துக்கோ." அதை ஏதோ தினசரிக் கேலி என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். துக்க வீட்டில் வாசல் தெளிக்கவில்லை. பதினாறு முடிந்தும் தெளிக்க ஆளில்லை. மாடு மூன்று வாரமாகத் தண்ணீர் குடிக்கவில்லை.

"என்ன அண்ணாச்சி, பொதையலா?" தலைவர் பின்னால் நின்றார்.

"தண்ணி வேணும். நெறைய."

"தண்ணியா? குத்தாலத்துக்காரன்ட்ட போயி தண்ணி கேக்கீங்களே! வாளி எங்க?"

"உள்ள, பின்கட்டுக் குழாய்கிட்ட."

அவர் நடுக்கூடத்தைக் கடந்துதான் பின்கட்டுக்குப் போக வேண்டும். அப்போது எனக்கு அது தோன்றவில்லை. வெகுநேரம் கழித்து வாளியோடு வந்தார். நீலப் பிளாஸ்டிக் வாளி, பிடி உடைந்து கம்பி கட்டியது. அக்காவின் வாளி. அவர் அதைக் குழிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"மாலை போட்ட படத்தப் பாத்தேன்."

நான் தண்ணீரை ஊற்றினேன். மண் 'சொர்ர்' என்று இழுத்துக்கொண்டது. குமிழி வந்தது.

"எப்பம்?"

"போன மாசக் கடைசியில."

"காலையில வெளிய போயிருக்காவளான்னு கேட்டேன். ஆமான்னீங்க."

நான் வாளியைக் கவிழ்த்து மிச்சத்தையும் ஊற்றினேன். அவர் வாளியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார். இரண்டாவது வாளி, மூன்றாவது, நான்காவது. நான் சமையலறையிலிருந்து கல் உப்பு கொண்டுவந்து தூவினேன். ஒவ்வொரு வாளிக்கும் பிறகு உள்ளே போய் மீட்டர் பார்த்தேன். முப்பத்தெட்டு இருபதானது. பன்னிரண்டானது. ஐந்தாவது வாளிக்குப் பிறகு மூன்றில் நின்றது.

செருப்பில்லாமல் நின்று மூடியைத் தொட்டேன். ஒன்றும் இல்லை. அவரையும் தொடச் சொன்னேன். "நீங்க நல்லாத் தொட்டுட்டீங்கல்லா, அப்பம் சரி" என்று அவர் ஒரு விரலை மட்டும் வைத்து எடுத்தார்.

ஐந்தரைக்கு முதல் வில்லையை ஓட்டினேன். குழாயில் ஊதா வெளிச்சம் வந்தது. எண் ஒன்று. முதல் எழுத்து, இரண்டாவது. திரையின் ஓரத்தில் பச்சை அப்படியே இருந்தது. பெயர் முடிந்து, விளிம்பு வட்டமாக வெட்டுப்பட்டு, வில்லை தட்டில் விழுந்தது. தலைவர் அதை எடுத்து ஊதித் துடைத்துப் பார்த்தார். அவர் பெயர். ஒன்றாம் எண் அவருக்குத்தான்.

வில்லைகள் விழ விழ அவர் எடுத்து மேசையில் வரிசையாக அடுக்கினார். ஸ்டூல் காலியாக இருந்தும் அதில் உட்காரவில்லை. நின்றுகொண்டே ஒவ்வொரு பெயரையும் படித்து ஏதாவது சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் சொல்லாமலிருக்க அவரால் முடியவில்லை. "இவன் தேய்க்க மாட்டான், சும்மா தடவுவான்." "இந்த ஆளு தேய்ச்சா மறுநா ஆஸ்பத்திரிக்குத்தான் போவணும்." "இவனுக்கு எதுக்கு பேட்ஜு? பத்து மணிக்கு முன்ன எந்திரிக்கவே மாட்டான்." பதினெட்டாவது வில்லையில் ஒரு முறை என் கை கேபிளைத் தொட்டுப் பார்த்தது. தேவை இருக்கவில்லை.

நடுவில் ஒரு தடவை, "அன்னைக்கு என் முழங்காலப் பத்தித்தான் ரொம்ப நேரம் கேட்டாவ" என்றார். "ஊரு காலெல்லாம் தேய்க்கீரு, உம்ம காலை யாருவே தேய்ப்பான்னு கேட்டாவ." நான் தகட்டை நகர்த்தி வைத்தேன்.

ஏழரைக்கு நாற்பத்திரண்டாவது விழுந்தது. ஒரு முறை எண்ணி, ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். அவர் துண்டைத் தோளில் போட்டு, செருப்பை மாட்டி, படியில் இறங்கினார். எப்போதும் இறங்கும்போது, 'போயிட்டு வாரேன் அக்கா, வாரேன் அண்ணாச்சி' என்று இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சொல்லிவிட்டுத்தான் போவார். அன்று சொல்லவில்லை. துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்பதால் பையைக் காட்டித் தலையை மட்டும் ஆட்டிவிட்டுச் சாரலில் நடந்தார்.

மிஷினை அணைத்தேன். தட்டில் கிடந்த துணுக்குகளை அள்ளினேன். காலையில் பாதியில் நின்றுபோன தகட்டில் ஒன்றாம் எண்ணின் பெயர் ஓர் எழுத்துக்கூட முழுதாகாமல் இருந்தது; அதையும் குப்பையில் போட்டேன். நீல வாளியைப் பின்கட்டில் கவிழ்த்து வைக்கப் போனேன், பிறகு கவிழ்க்காமல் குழாயடியிலேயே நிமிர்த்தி வைத்தேன். சோறு வடித்து, மோர் ஊற்றிச் சாப்பிட்டு, ஒன்பதரைக்குப் படுத்தேன். தூங்கிவிட்டேன்.

ஜூலை 18, வெள்ளிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து, பால் பாக்கெட்டை எடுப்பதற்கு முன்னால், நீல வாளியில் தண்ணீர் பிடித்து வாசலைத் தெளித்தேன். கோலம் எனக்குத் தெரியாது. மிச்சத் தண்ணீரைக் கிழக்கு மூலைக்குக் கொண்டுபோய்க் குழியில் ஊற்றினேன்.